ஹார்ட் டிஸ்க்கில் இருந்த தூண்

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி குப்பைத் தொட்டியின் ஓரத்தில் கிடந்தது. தெருமுனையில் இருந்த பல் டாக்டர் கடையைக் காலி செய்துகொண்டு போனபோது விட்டுப்போனது. இரண்டு நாள் மழையில் நனைவதைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் காயில் அக்கா அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவள் தொழில். பதினெட்டு வருஷமாகக் கட்டுகிறாள். மிக்ஸியோ, தண்ணீர் மோட்டாரோ, எரிந்துபோய் வந்தால் பழைய செம்புக் கம்பியைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றித் தருவாள். அவளைவிட மூத்தவர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தத் தடிமன் கம்பி என்ற கணக்கெல்லாம் பதினாறு நோட்டுப் புத்தகங்களில் கிடந்தன. வார்னிஷ் கையோடு புரட்டிப் புரட்டிப் பாதிப் பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை.

பெட்டியைத் திறந்து தூசி தட்டினாள். போர்டில் வயிறு வீங்கிப்போயிருந்த மூன்று கெப்பாசிட்டரைப் பிடுங்கிவிட்டு வேறு வைத்துப் பற்றவைத்தாள். ரேமை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினாள். சுவிட்சைத் தட்டியதும் ‘பீப்’ என்று ஒரு குரல் கொடுத்தது. உயிர் இருந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க் இல்லை. டாக்டர் விவரமானவர், அதை மட்டும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்.

அதனால் பழைய இரும்புக் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் கூடையைக் காலால் நகர்த்திவிட்டார்.

“இதுல எது ஓடுதோ அது உங்க அதிர்ஷ்டம்க்கா. ஓடலைன்னா என்னைத் திட்டிக்கிட்டு வராதீங்க.”

ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் வைத்து லேசாகத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே எதுவும் உருளாத ஒன்று கிடைத்தது. அதன் மேல் ஒட்டிய தாளில் நீல மையில் ‘வேலை 2’ என்று எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை. மதியம் ஒரு மணி இருக்கும். பக்கத்து அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளை, அதனால் கட்டடமே அமைதியாக இருந்தது. அது மூன்று மாடிக் கட்டடம். தரைத்தளத்தில் முன்பக்கம் அச்சகம், பின்பக்கம் அவளுடைய பட்டறை. மேலே எட்டுக் குடும்பங்கள். அதில் ஒன்று அவளுடையது, இரண்டாவது மாடியில். லாரி ஓட்டும் கணவன் மாதத்தில் பத்து நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அவளும் மாமியாரும்தான்.

நான்கு திருகாணி, இரண்டு கேபிள். மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டாள். டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. இரண்டு தடவை ‘டிக், டிக்’ என்றது. பிறகு சீராகிவிட்டது. பேரிங் நன்றாக இருக்கிறது என்று விரல் நுனியிலேயே தெரிந்தது. பழையதை எல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட மொபைல் கடைக்காரர் ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தார். அதைத் தேடி எடுப்பதற்குள் டிஸ்க்கில் இருந்த பழைய சிஸ்டமே தட்டுத்தடுமாறித் திரையில் வந்து நின்றுவிட்டது. கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை.

அப்போதே துடைத்துவிட்டிருக்கலாம். பின்னால் அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்தது அதைத்தான்.

திரை முழுக்கக் கோப்புறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தெருவின் பெயரும் கதவு எண்ணும். யாரோ கட்டட இன்ஜினியருடைய டிஸ்க் போல என்று நினைத்தபடியே கண்ணை ஓட்டினாள். நடுவில் அவள் தெரு இருந்தது. பதினேழாம் எண். பின்கட்டு.

அவள் உட்கார்ந்திருப்பது பதினேழாம் எண்ணின் பின்கட்டு.

திறந்தாள். புகைப்படங்கள். முதல் படத்தில் ஒரு தூண், அதில் முழங்கால் உயரத்தில் ஆரம்பித்துக் கோணலாக மேலேறும் ஒரு விரிசல். விரிசல் விரிகிறதா என்று பார்க்க அதற்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டையைச் சாந்து வைத்து ஒட்டியிருந்தார்கள். கீழே தேதி, விரிசலின் அகலம் ‘ஒரு மில்லி’ என்று குறிப்பு. அடுத்த படம் இரண்டு மாதம் கழித்து. கண்ணாடி உடைந்திருந்தது. ‘இரண்டரை.’ அதற்கடுத்தது ‘நான்கு’. எல்லாமே மூன்று வருஷத்துக்கு முந்தியவை, அவள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவருவதற்குக் கொஞ்சம் முன்னால்.

நான்காவது படத்தில் விரிசலோடு சேர்த்து ஒரு ஸ்கேலைப் பிடித்திருந்தது ஒரு கை. ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். டைல்ஸ் வெட்டும் மெஷினில் அது போன அன்று ரத்தம் சொட்டச் சொட்ட ஆட்டோவில் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனவள் அவள்தான். அவளுடைய அண்ணன், கொத்தனார் மேஸ்திரி. இந்த வீட்டையும் இந்தப் பட்டறையையும் அவளுக்குப் பிடித்துக் கொடுத்ததும் அவன்தான்.

கோப்புறையில் ஒரு கடிதம் இருந்தது. வீட்டுக்காரருக்கு எழுதியது. மூன்றாவது தூணின் கம்பி துருப்பிடித்து உப்பிவிட்டது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை உடனே இறக்க வேண்டும், முட்டுக் கொடுக்கும்வரை குடியிருப்பவர்களை வெளியேற்ற வேண்டும் என்று. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. கடைசியாக ஒரு வீடியோ. ஒரு நிமிஷம்கூட இல்லை. தூணைத்தான் காட்டியது, ஆள் முகம் எதுவும் தெரியவில்லை. வயதான ஒரு குரல், நடுநடுவே இருமலோடு:

“மேஸ்திரி, இது பூசி மூடற விரிசல் இல்ல. மூடிட்டா அடுத்து எப்ப, எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். மூட மாட்டீங்கல்ல?”

“மூட மாட்டேன் சார்.”

அண்ணன் குரல்.

வீடியோவின் ஓரத்தில் ஒரு ஜன்னல் தெரிந்தது. ஐந்து கம்பி, அதில் ஒன்று உள்பக்கம் வளைந்தது. அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். இடதுபக்கம் அதே ஜன்னல், அதே வளைந்த கம்பி. ஜன்னலை ஒட்டித் தூண் இருக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து கூரை வரைக்கும் பிளைவுட் அடித்து, கம்பி உருளைகளை மாட்ட வரிசையாகக் கொக்கி வைத்திருந்தது. வந்த புதிதில் அண்ணன் தன் செலவில் அடித்துக் கொடுத்தது. இத்தனை நாளும் அதற்கு முதுகைக் கொடுத்துத்தான் அவள் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறாள்.

போனை எடுத்தாள்.

“அண்ணே, பட்டறை வரைக்கும் கொஞ்சம் வந்துட்டுப் போ.”

“சாப்பிட்டுட்டு வரேன் பாப்பா. என்ன, குரலே ஒரு மாதிரி இருக்கு?”

“வா. வந்து பாரு.”

அவன் வரும்வரை சும்மா இருக்க முடியவில்லை. உருளைகளை இறக்கிவைத்துவிட்டுப் பலகையின் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பலகை முழுசாகச் சாய்ந்து வந்தது. உள்ளே அழகாகப் பூசிய சிமெண்ட், அண்ணன் கைவேலை. அதன் நடுவே, முழங்காலிலிருந்து அவள் தலைக்கும் மேலே வரைக்கும், அதே கோணலில் அதே விரிசல்.

ஒரு மில்லிக் கம்பியை எடுத்து விட்டுப் பார்த்தாள். தடையே இல்லாமல் போனது. இரண்டு மில்லியும் போனது. இரண்டு கம்பியைச் சேர்த்து முறுக்கி விட்டாள், போனது. கடைசியில் பெரிய ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்தாள். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

அந்த நேரம் பார்த்து அச்சகத்தில் மெஷினைப் போட்டார்கள். தினமும் கேட்கிற சத்தம்தான். ஆனால் இன்று அவள் உள்ளங்கை தூணின் மேல் இருந்தது. மோட்டார் ஓடும்போது கை வைத்துப் பார்த்தே எது ஆட்டம் கண்டிருக்கிறது என்று சொல்லிவிடக்கூடிய கை அது. தூணின் கீழ்ப்பாதி ஒரு மாதிரி அதிர்ந்தது, மேல்பாதி வேறு மாதிரி அதிர்ந்தது. விரிசலிலிருந்து பொடி உதிர்ந்து அவள் பாதத்தில் விழுந்தது.

அண்ணன் வாசல்படியிலேயே நின்றுவிட்டான். கீழே கிடந்த பலகையைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவது அவளுக்குக் கண்ணெதிரே தெரிந்தது.

“எதுக்கு இதைக் கழட்டினே?”

அவள் வீடியோவை ஓடவிட்டாள். ‘மூட மாட்டேன் சார்’ என்று அவன் குரல் பட்டறைக்குள் கேட்டது.

“இது எப்படி உன் கைக்கு வந்துச்சு? அந்த சார் போன வருஷமே தவறிட்டாரே.”

“நான் கேக்கறது அதில்லண்ணே.”

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தூணுக்கு அருகில் இருப்பதை உணர்ந்து எழுந்துகொண்டான்.

“வீட்டுக்காரருதான் சொன்னாரு. அந்த இன்ஜினியர் எதுக்கெடுத்தாலும் பயமுறுத்தற ஆளுன்னு. நானும் நம்பினேன். நல்ல சிமெண்ட்தான் பாப்பா, புதுக் கம்பி வெச்சுக் கட்டித்தான் பூசினேன். தட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்னுச்சு. விழற கட்டடம்னு நினைச்சிருந்தா கூடப் பொறந்தவளைக் கொண்டுவந்து இங்க வெப்பேனா?”

“சரி. பலகை எதுக்கு அடிச்சே?”

அவன் கீழே கிடந்த பலகையைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தான்.

“சொல்லு.”

“நீ வந்த கொஞ்ச நாள்லயே முடி மாதிரி ஒரு கோடு வந்துச்சு. நீ பார்த்தா பயப்படுவேன்னு…”

“நான் பயப்படுவேன்னு.”

அவ்வளவுதான் அவள் சொன்னாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்திருக்கும். அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கி விரிசலில் வைத்தான். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தபோது முனையில் ஈரமான துரு ஒட்டியிருந்தது. அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, மிக மெல்லிய குரலில் சொன்னான்:

“வெளிய போ பாப்பா. இப்பவே.”

பிறகு ஓடியது அவன்தான். அச்சகத்துக்குள் புகுந்து மெயின் சுவிட்சையே இழுத்துவிட்டான். அச்சகக்காரர் பேப்பர் எல்லாம் வீணாகிவிட்டது என்று குதித்தார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தூணைக் காட்டியதும் அவர் செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் போய் நின்றுகொண்டார்.

மேலே அத்தனை சுலபமாக நடக்கவில்லை. மூன்றாம் மாடியில் ரிடையரான பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, “மூணு வருஷமா விரிசலோட நிக்கற கட்டடம், நான் தூங்கி எந்திரிக்கறவரைக்கும் நிக்காதா?” என்றார். ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த நர்ஸ் கதவையே திறக்கவில்லை. முதல் மாடிப் பெண் அடுப்பில் இருப்பதை இறக்கிவிட்டு வருகிறேன் என்றாள். காயில் அக்கா கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். அவள் தொழில் மோட்டார்தானே, கட்டடத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்பது எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

அப்போது அண்ணன் படிக்கட்டின் நடுவில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினான்.

“அந்தத் தூண் விரிசலை மூடினதே நான்தாங்க! தெரிஞ்சுதான் மூடினேன்! என்னை அப்புறமா செருப்பால அடிங்க, இப்ப கீழ இறங்குங்க!”

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கண்டக்டர் சட்டையில்லாமலே இறங்கி வந்தார். போகிற போக்கில் அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டார். அவன் தடுக்கவில்லை.

மாமியாருக்கு முழங்கால் மடங்காது. அண்ணன் அவளை முதுகில் சுமந்துகொண்டு இறங்கினான். சம்பந்தி வீட்டு ஆள் என்று பத்து வருஷமாக அவனோடு முகம் கொடுத்துப் பேசாதவள் அவள். இறங்குகிற வழியெல்லாம் அவன் காதோரம், “என்னைக் கீழ போட்டுக் கொல்லணும்னு பார்க்காதே, மெதுவாப் போ” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். விஷயம் முழுசாகத் தெரிந்த பிறகு அவள் அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

நான்கு மணிக்குள் எல்லாரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். காயில் அக்கா கடைசியாக ஒரு தடவை பட்டறைக்குள் ஓடி, டிஸ்க்கை மட்டும் கழற்றி ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். பதினாறு நோட்டும் உள்ளேயே கிடந்தன.

வீட்டுக்காரர் வந்ததும் கத்தப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. யார் யார் என்ன சொன்னார்கள், டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அப்புறம் அவளைத் தனியே அழைத்து, மகளிடம் பேசுகிற மாதிரி பேசினார்.

“அந்த டிஸ்க்கை என்கிட்ட குடும்மா, நான் பார்த்துக்கறேன்.”

“நகராட்சில குடுக்கறேங்க.”

“குடு. குடுத்தா என்ன ஆகும்னு யோசிச்சியா? அதுல என் கையெழுத்து இருக்கா? என் குரல் இருக்கா? உங்க அண்ணன் குரல்தான் இருக்கு. மூட மாட்டேன்னு சொல்லிட்டு மூடினது யாரு? நான் மூடச் சொன்னேன்னு எங்க இருக்கு?” அவர் சிரித்தார். “பழசு, கெட்டுப்போச்சுன்னு சொல்லித் துடைச்சுடு. அண்ணன் பிழைச்சுப் போவாரு.”

அவர் போன பிறகும் அவள் வெகுநேரம் நடைபாதைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். டிஸ்க் மடியில் இருந்தது. அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதுதான் அவளை அழுத்தியது. அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கன்னத்தில் விரல் தடம் இன்னும் இருந்தது.

“என்ன சொன்னாரு?”

சொன்னாள். அவன் எதிரே இருந்த கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“குடுத்துடு பாப்பா.”

“உள்ள போட்டுடுவாங்கண்ணே.”

“போடட்டும். துடைச்சுட்டா நாளைக்கு வேற ஒருத்தன் வந்து மறுபடியும் பூசுவான். மறுபடியும் குடி வெப்பாங்க. நான்தான் சொல்றேன்ல, குடு.”

மறுநாள் காலை நகராட்சி அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். அங்கே இருந்த பெண் இன்ஜினியர் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். படங்களைப் பார்த்தார், கடிதத்தைப் படித்தார், வீடியோவை இரண்டு தடவை கேட்டார். போனில் யாரையோ கூப்பிட்டுப் பதினேழாம் எண்ணைப் பூட்டி சீல் வைக்கச் சொன்னார். பிறகு மற்றக் கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார். இருபத்திரண்டு இருந்தன. திறக்கத் திறக்க அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் திரையை அண்ணன் பக்கம் திருப்பினார்.

“இதுல நீங்க மூடினது எத்தனை?”

ஒன்று என்றுதான் அவன் சொல்லப்போகிறான் என்று காயில் அக்கா நினைத்தாள்.

“ரெண்டுங்க,” என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் திரும்பவில்லை. திரையில் ஒரு பெயரைப் பாதி விரலால் தொட்டுக் காட்டினான். ஆற்றுப் பக்கம் இருந்த ஒரு நான்கு மாடிக் கட்டடம். கீழே தையல் கூடம், மேலே வீடுகள்.

“எப்ப சொல்லலாம்னு இருந்தே?” என்றாள் படிக்கட்டில் இறங்கும்போது. அவன் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனான். நேற்று முதுகில் ஆள் சுமந்து இறங்கியவனைப் பார்த்து அவளுக்குள் இளகியிருந்தது ஏதோ, அந்த இடத்திலேயே இறுகிப்போனது.

பதினேழாம் எண் ஆறாம் நாள் இறங்கியது. மொட்டை மாடித் தொட்டியில் இருந்த தண்ணீரைத் திறந்துவிட்டு, அதை உடைக்க ஆட்கள் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பகல் பதினோரு மணி. லாரியிலிருந்து கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பின்கட்டு முழுவதும் ஒரு முழம் கீழே அமுங்கி நின்றது. பட்டறையின் கதவு நிலையோடு மடங்கியது. படிக்கட்டு இரண்டாம் மாடியில் சுவரை விட்டுப் பிரிந்து தொங்கியது. சாரத்தில் இருந்த ஒருவருக்குத் தோள்பட்டை இறங்கியதோடு சரி. உள்ளே யாரும் இல்லை. கண்டக்டர் செய்தி கேட்டு ஓடிவந்து பார்த்துவிட்டு, தன் வீட்டு ஜன்னல் இருந்த உயரத்தையே வெறித்துக்கொண்டு நின்றார்.

அண்ணனைக் கைது செய்தார்கள். இருபத்துமூன்று நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். வீட்டுக்காரர் கைதாவதற்கு முன்பே ஜாமீன் வாங்கிவிட்டார். தனக்குத் தெரியாமல் மேஸ்திரி செய்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வழக்கு நடக்கிறது. காயில் அக்காவும் மாமியாரும் வேறொரு தெருவில் ஓட்டு வீடு ஒன்றில் இருக்கிறார்கள். மாடி என்ற பேச்சை எடுத்தாலே மாமியார் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

ஆற்றுப் பக்கத்துக் கட்டடத்தையும் அண்ணன் சொன்ன அன்றே காலி செய்தார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர் பத்தே நாளில் வேறோர் இன்ஜினியரிடம் நல்ல கட்டடம் என்று சான்றிதழ் வாங்கிவிட்டார். குடியிருந்தவர்களுக்கும் போக்கிடம் இல்லை. பாய், பாத்திரத்தோடு திரும்பி வந்துவிட்டார்கள். தையல் கூடத்தில் முப்பது மெஷின் ஓடுகிறது.

அண்ணனுக்கு இப்போது யாரும் வேலை கொடுப்பதில்லை. காலையில் எழுந்ததும் நேரே அங்கே போகிறான். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் தான் யார், எந்தத் தூணை எப்படி மூடினான் என்று சொல்கிறான். முதலில் கேட்டார்கள். பிறகு திட்டினார்கள். இப்போது பைத்தியம் என்று ஒதுங்கிப் போகிறார்கள். இரண்டு தடவை போலீஸ் வந்து விரட்டியது.

காயில் அக்கா அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் போன திங்கட்கிழமை அந்தப் பக்கம் ஒரு மோட்டாரைக் கொடுத்துவிட்டு வரும்போது, வெயிலில் அவன் தனியாக நிற்பதைப் பார்த்தாள். தையல் கூடத்திலிருந்து ஒரு பெண் வெளியே வந்து அவனிடம் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

“குடிச்சுட்டுக் கிளம்புங்கண்ணே. உங்களைப் பார்த்தா எங்களுக்கு வேலையே ஓட மாட்டேங்குது.”

“கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது போய் இருங்கம்மா.”

“எங்க போறது?”

அவன் தண்ணீரைக் குடிக்காமல் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். உள்ளே யாரோ கூப்பிட்டதும் போய்விட்டாள். காயில் அக்கா தெருவைக் கடந்து போய் அவன் பக்கத்தில் நின்றாள்.

“எந்தப் பக்கம் தூண்?” என்று கேட்டாள்.